அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவில்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளிடம் கத்திவிட்டேன். அவள் செய்தது பெரிய குற்றம் ஒன்றுமில்லை. புதிதாக வாங்கிக் கொடுத்த கீபோர்டில் ‘ஃபங்ஷன்’ என்ற பொத்தானை அமுக்கி அமுக்கி உள்ளே போயிருக்கிறாள். திரையில் ‘ட்யூனிங் 440.0’ என்று வந்து நின்றிருக்கிறது. “அப்பா, இதுல பிளஸ்ஸ அமுக்குனா நம்பர் ஏறுது, எல்லாக் கட்டையும் சேர்ந்து மேல ஏறுது. எதுக்குப்பா இது?” என்று கேட்டுக்கொண்டே விரலை வைத்தாள். “அதத் தொடாத!” என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள்.

“மெஷின்தானப்பா? வேணாம்னா திரும்ப வச்சுக்கிறலாம்ல?” என்றாள் மகள், உதட்டைப் பிதுக்கி. நியாயம்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கிற அறிவு எனக்கு இருபத்துமூன்று வயதில் இல்லை. அந்த எண்ணுக்குள்ளே போய் மாட்டிக்கொண்டு ஐந்தாறு வருடம் வெளியே வரத் தெரியாமல் கிடந்தவன் நான். சிரிக்காதீர்கள். எண்ணுக்குள் மாட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்பீர்கள். முடியும்.

என்னுடைய முதல் கீபோர்டு சவூதியிலிருந்து வந்தது. என் அக்கா பூமயிலின் வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், லீவுக்கு வந்தபோது பெட்ஷீட்டைச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்தார். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் வந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. புது பிளாஸ்டிக், சோப்புக்கட்டி, அதற்கும் மேலே, வழியில் உடைந்துபோன அத்தர் குப்பி. அத்தர் முழுவதும் கட்டைகளின் இடுக்கில் இறங்கிவிட்டது. “ஏலே மாப்ள, இனிமே தகரத்தத் தட்டிக்கிட்டுத் திரியாத, இத வாசி” என்றார். முதுகுளத்தூருக்குக் கிழக்கே மிளகாய் போட்டு ஆடு மேய்க்கிற ஊரில் அது ஒரு அதிசயம். இடது கையால் இரண்டு மூன்று கட்டைகளை அமுக்கிப் பிடித்தால் போதும், தாளமும் பேஸும் கிட்டாரும் உள்ளேயிருந்து தானாக வரும். ஆடுகள்கூடக் கொஞ்சநேரம் நின்று கேட்டன என்று எழுத ஆசைதான். ஆடுகள் நிற்கவில்லை.

அடுத்த லீவுக்கு மச்சான் உயிரோடு வரவில்லை. வேலையிடத்தில் மேலேயிருந்து விழுந்துவிட்டார். உடல் ஊர் வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆனது. அத்தனை நாளும் வீடு கேதவீடாகவே கிடந்தது; ஆனால் விழுந்து அழுவதற்கு உடல் இல்லை. அக்கா அந்த இருபத்திரண்டு நாளும் வாயைத் திறக்கவே இல்லை. சவப்பெட்டி வந்து இறங்கிய அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வந்திருந்த மைக்செட் முனியசாமி, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், மைக்கை எடுத்துப்போய் அவள் வாய்க்கு நேரே நீட்டினான். மூன்று ஊருக்குக் கேட்டது. அவனை அன்றைக்கே அடித்திருக்க வேண்டும். நானும் மற்றவர்களைப் போல வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மூன்று மாதம் கழித்து அதே முனியசாமி வீட்டு வாசலில் வந்து நின்றான். பேரையூர்ப் பக்கம் ஒரு பெரிய சாவு, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், அழ ஆளில்லை, பூமயில் வந்து நாலு ஒப்பாரி பாடிக்கொடுக்க முடியுமா என்று கேட்டான். “வாரேன்” என்றாள் அக்கா. எங்கள் அப்பா, அய்யா என்றுதான் கூப்பிடுவோம், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஒத்தப் பொம்பளையா ஊர் ஊராப் போகக் கூடாது. நீ கூடப் போ. அந்தப் பாட்டுப் பெட்டியவும் தூக்கிக்க.” அவ்வளவுதான். என் உத்தியோகம் அன்றைக்கு முடிவாகிவிட்டது.

அந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. போய் இறங்கியதும் நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பங்காளிகளில் விவரமான ஆள் ஒருவரைப் பிடிப்பேன். இறந்தவர் பேர் என்ன, பிள்ளைகள் பேர் என்ன, யார் யார் எந்த ஊரில், வெற்றிலை போடுவாரா, காளை வளர்த்தாரா. அதைவிட முக்கியம், யார் பேரைச் சொல்லக் கூடாது. சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன தம்பி பேரைத் தெரியாமல் சொல்லிவிட்டால் ஒப்பாரி நின்று வேறொன்று ஆரம்பித்துவிடும். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் நோட்டை ஒரு தடவை படித்துக் காட்டினால் போதும், அத்தனை பேரும் அவள் பாட்டில் வரிசையாக வந்து நிற்பார்கள்.

தாளத்துக்குத்தான் நான் திண்டாடினேன். அரபு நாட்டுக்கென்று செய்த பெட்டி அது. தட்டித் தட்டிப் பார்த்ததில் மெதுவாகப் போகிற அரபுத் தாளம் ஒன்று ஒப்பாரிக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. ஒரு வருடம் அதையே வாசித்தேன். ஒரு ஊரில் சவூதியிலிருந்து வந்திருந்த ஒருவர், மாலையும் கையுமாகப் பந்தலுக்குள் நுழைந்தவர், அப்படியே நின்றுவிட்டார். என் பக்கத்தில் வந்து குனிந்து, “ஏப்பா, அங்கன கல்யாண வீட்டுல இதத்தானப்பா போடுவாய்ங்கெ” என்றார். சொல்லிவிட்டுப் போய் முறையாக அழுதார்.

எங்கள் அம்மாவுக்கு இந்தப் பெட்டியோடு தனி வழக்கு. கேதத்துக்குப் போனவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது. நானும் அக்காவும் கம்மாயில் முழுகிவிட்டு வந்துவிடுவோம். பெட்டி எப்படிக் குளிக்கும்? முதல்நாள் நான் துணி மாற்றிக்கொண்டு வருவதற்குள், வாசலில் வைத்திருந்த கீபோர்டின் மேல் அம்மா ஒரு செம்பு மஞ்சத்தண்ணியைச் சாவகாசமாக ஊற்றிவிட்டாள். “அம்மா!” என்று கத்தினேன். “கத்தாத. தீட்டுக் கழியணும்ல” என்றாள். காயவைத்துப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் பேசியது, நடுவரிசையில் நாலாவது வெள்ளைக் கட்டை மட்டும் பேசவில்லை. அமுக்கினால் ‘டொக்’ என்று மரம் மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு பெட்டியை உரச்சாக்குக்குள் போட்டு ஆட்டுக் கொட்டகையில் வைத்தேன். வாசிக்கும்போது அந்தக் கட்டையைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டேன்.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். பாடுகிறவர்கள் சுதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். நாலாவது வெள்ளையில் நின்று பாடினால் நாலு கட்டை, ஐந்தாவதில் நின்றால் அஞ்சு, அதற்கு அடுத்த கறுப்பில் நின்றால் அஞ்சரை. அக்கா இவை எதிலும் நிற்கமாட்டாள். அஞ்சில் பிடித்துக் கொடுத்தால் இரண்டாவது வரியில் நழுவி மேலே போவாள். அஞ்சரையில் கொடுத்தால் கீழே இறங்குவாள். இரண்டுக்கும் நடுவில், எந்தக் கட்டையும் இல்லாத இடத்தில், அவள் குரல் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு மச்சான் உடலைப் பார்த்ததும் எந்த இடத்தில் வாய் திறந்தாளோ அதே இடம். “அக்கா, பெட்டியக் கேட்டுப் பாடுக்கா” என்றால், “எனக்கு என்னடா தெரியும், வாரது வருது” என்பாள்.

பள்ளிக்கூடத்தில் என் இங்கிலீஷைப் பார்த்து வாத்தியார் அழுதிருக்கிறார். அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு பெட்டியோடு கூடவந்த புத்தகத்தை ஒரு மாதம் புரட்டினேன். ஃபங்ஷன், ட்ரான்ஸ்போஸ், ஸ்ப்ளிட் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்துபோய்க் கடைசியில் இந்த ட்யூனிங்கைக் கண்டுபிடித்தேன். ஒரு அமுக்குக்கு 0.2 ஏறும். அமுக்கிப் பிடித்தால் ஓடித் தொலைந்துவிடும், ஒவ்வொன்றாகத்தான் போகவேண்டும். 440-லிருந்து அறுபத்துமூன்று அமுக்கு. 452.6. அக்கா முனகிக்கொண்டே இருக்க, அந்த இடத்தில் ஐந்தாவது கட்டையும் அவள் குரலும் ஒட்டிக்கொண்டன. அவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மச்சான் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். 453-க்கு மேல் அந்தப் பெட்டி ஏறாது. இன்னும் மூன்று அமுக்கு மேலே அவள் பாடியிருந்தால் எனக்கு விடுதலை கிடைத்திருக்கும் என்று பிற்பாடு பலநாள் நினைத்திருக்கிறேன். நினைத்ததற்கு வெட்கமும் பட்டிருக்கிறேன்.

அடியில் ஆறு பெரிய பேட்டரி போட்டிருக்கும்வரை பெட்டி அந்த எண்ணை மறக்காது. பேட்டரி தீருவதற்குள் மாற்றிவிடுவேன். இப்படியே இரண்டு வருடம் போனது. கேதவீட்டில் வாசிக்கிற பெட்டியை யார் நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவார்கள்? என்னோடு படித்தவன் கல்யாணத்துக்குக் கச்சேரி வைத்தான், எனக்குப் பத்திரிகை மட்டும் வந்தது. போனேன். பாட்டுக்காரர்கள் மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, “பெட்டியக் கொண்டாரலயே தம்பி?” என்று பயந்தபடி கேட்டாள். இல்லை என்றதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு வந்துவிட்டேன்.

அப்போதுதான் ராமநாதபுரத்தில் ஒரு இன்னிசைக் குழுவுக்குக் கீபோர்டு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அக்காவிடம் அந்தச் செத்த கட்டையை ரிப்பேர் பண்ணப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, சாக்கோடு காலை பஸ் ஏறினேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி. குழுத் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். “அஞ்சு கட்டையில ஒரு பாட்டுப் போவோம்” என்றார். ஆரம்பித்தோம். நாலு வரி போனதும் எனக்குத் தாங்கவில்லை. அத்தனை வாத்தியமும் அபசுரம். மரியாதையாகச் சொன்னேன்: “மாஸ்டர், கிட்டாரு சுதி எறங்கியிருக்கு.” கிட்டார்க்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு முறுக்கிச் சரிபார்த்தார். மறுபடி வாசித்தோம். “புல்லாங்குழலும் எறங்கியிருக்கு” என்றேன். அந்த மனிதர் குழலை மடியில் வைத்தார். “தம்பி, இது மூங்கிலு. இது வெறகாத்தான் போகும், எறங்காது.”

அறையே சிரித்தது. எனக்கு இன்னும் விளங்கவில்லை பாருங்கள். இரண்டு வருடமாக ஒரே குரலோடு கிடந்ததில் என் காதுக்கு அதுதான் உலகத்துச் சுதி. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துவந்து ஃபங்ஷனை அமுக்கித் திரையைப் பார்த்தார். “நானூத்தம்பத்தி ரெண்டு புள்ளி ஆறு. இது கைதவறி வச்சதில்ல. யாரோ குரலுக்குன்னு வச்சிருக்க. யாருப்பா?”

“எங்கக்கா பாடும்.”

“எங்க பாடுறாங்க?”

‘கேதவீட்டுல’ என்பது வாய்வரை வந்தது. “சும்மா, வீட்டுல” என்றேன்.

அவர் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினார். ஒரே நொடி. 440.0. அப்படி ஒரு குறுக்குவழி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன்பிறகு வாசித்தேன். கை ஓடியது, காதுதான் கூசியது. மாஸ்டர் தோளில் தட்டி, “ஞாயித்துக்கெழமை மாரியூர்க் கோவில்ல கச்சேரி. சாயந்தரம் அஞ்சு மணிக்கு அங்கன இருக்கணும். பெட்டி இப்படியே இருக்கட்டும்” என்றார். பஸ்ஸில் வரும்போது வழிநெடுக உடைமரங்கள்கூட அழகாகத் தெரிந்தன. மடியில் பெட்டி கனக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் ஒரு கேதம் வந்துவிட்டது. மதியத்துக்குள் எடுத்துவிடுவார்கள், அங்கிருந்தே சாயல்குடி பஸ் பிடித்து மாரியூர் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். பெட்டியை 440-லேயே விட்டேன். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே. ஊர் உலகம் எல்லாம் இந்தச் சுதியில் பாடவில்லையா, அக்காவும் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டேன். நான் அப்படிப்பட்டவன்தான்.

பந்தல் நிறையப் பெண்கள். அக்கா மைக்கைப் பிடித்து முதல் வரியை எடுத்தாள். நழுவினாள். இறங்கிப் பார்த்தாள், ஏறிப் பார்த்தாள். இருட்டுக்குள் சுவரைத் தடவுகிற மாதிரி இருந்தது. பாதி வரியில் நிறுத்திவிட்டாள். ஒப்பாரி பாடுகிறவள் நடுவில் நிறுத்தினால் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். திட்டவில்லை. பயந்துபோயிருந்தாள்.

“ஏலே தம்பி, என்னைய எங்கன கொண்டாந்து விட்டுட்ட? எனக்கு எடமே தெரியலையேடா.”

ஃபங்ஷனை அமுக்கினேன். கீழே இறங்கக் குறுக்குவழி இருந்தது, மேலே ஏற இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. “என்னப்பா, கரண்டு இல்லையா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகிக்கொண்டிருந்தாள். முப்பதைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் மாரியூருக்குப் போகப்போவதில்லை. அறுபத்துமூன்றாவது அமுக்கில் அவள் கண்ணைத் திறந்தாள். அன்றைக்கு அவள் பாடியதைக் கேட்டுப் பந்தல் போட வந்த ஆள்கூட ஓரமாக நின்று அழுதான். இறந்தவரின் மகன் வந்து சேரத் தாமதமாகி, எடுக்கும்போது மணி ஐந்து. சாயல்குடி பஸ் எங்களைத் தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டு எதிர்ப்பக்க நிறுத்தத்தில் நின்றேன்.

“அந்தக் கட்டைய ரிப்பேர் பண்ணலயா?” என்று பஸ்ஸில் அக்கா கேட்டாள். “சாமான் கெடைக்கல” என்றேன். நான் மறுபடி அந்த மாடிப் படி ஏறவில்லை. எந்த முகத்தோடு ஏறுவது?

இன்னும் மூன்று நாலு வருடம் ஊர் ஊராகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் அழுகைக்கு நடுவில் உட்கார்ந்து, இவளுக்காகத்தானே கிடக்கிறேன், இவளுக்காகத்தானே கிடக்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே வாசித்தேன். அத்தர் வாசனை போய் பெட்டியில் ஊதுபத்தி வாசனை ஏறிவிட்டது. இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் அக்காவுக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. அன்றைக்கே சொல்லிவிட்டாள்: “இனிமே வரலடா.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. “நீ பாட்டுக்குப் போயிட்டா நான் என்ன செய்யிறது? ஒரு வார்த்த கேட்டியா?” என்று கத்தினேன்.

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “ஒனக்காகத்தானேடா இம்புட்டு நாளும் வந்தேன்? அவரு குடுத்த பெட்டிய ஆசையா வச்சிருக்க, அத விட்டா ஒனக்கு வேற தெரியாது, ஒத்தையில என்ன செய்வன்னு நெனச்சுல்ல வந்தேன். மொத வருசத்தோட எனக்கு வெறுத்துப்போச்சு. யாரு வீட்டுக்குப் போனாலும் அவரத்தான்டா படுக்கப் போட்டுருக்கு.”

பதில் சொன்னால் மாஸ்டரைச் சொல்லவேண்டும், மாரியூரைச் சொல்லவேண்டும், அந்த ‘சும்மா, வீட்டுல’யைச் சொல்லவேண்டும். பெட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். பிறகு பரமக்குடிக்கு வந்து ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்து, கல்யாணம் முடித்து, சொந்தமாகக் கடை வைத்து, இதோ உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

மகளிடம் கத்திய குற்றத்துக்குப் பரிகாரமாக, அன்றைக்கு மத்தியானம் பரணிலிருந்து அந்தச் சாக்கை இறக்கினேன். பேட்டரிகள் பொங்கி வெள்ளைவெள்ளையாகப் பூத்திருந்தன. அடாப்டரைச் செருகினேன். திரை மினுங்கி மினுங்கி வந்தது. 440.0. எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது. நான் ஏற்ற ஆரம்பித்தேன், மகள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளுக்கு நேரே பெட்டியைத் திருப்பி, ஐந்தாவது கட்டையை அமுக்கிப் பிடித்தேன்.

காதைச் சாய்த்துக் கேட்டாள். “இது யாரு சுதிடா? இம்புட்டு ஒசரத்துல நிக்குது.”

“ஒன்னதுதான்க்கா.”

“போடா” என்று சிரித்தாள். முயன்று பார்த்தாள். குரல் உடைந்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, தனக்கு வசதியான இடத்தில், வார்த்தை இல்லாமல் மெதுவாக முனகினாள். நான் பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்து அமுக்கி 440-க்கு வந்து, அவள் குரலைத் தேடி நாலாவது வெள்ளையில் விரலை வைத்தேன். டொக்.

“அம்மா ஊத்துன மஞ்சத்தண்ணி” என்றாள் அக்கா, முனகலை விடாமல் சிரித்துக்கொண்டே. அம்மா போய் ஆறு வருடமாகிறது.

மகள் ஓடிப்போய்த் தன் புதுக் கீபோர்டில் அதே கட்டையை அமுக்கினாள். நேர் நாலு கட்டை. ஒரு நூல் பிசகவில்லை. எந்தக் குழுவிலும், எந்த மேடையிலும் சேர்ந்துகொள்ளக்கூடிய குரல். அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவில் இருந்த அந்த இடத்தில் இப்போது யாரும் இல்லை.

“அத்தை, சூப்பரா இருக்கு! நீங்க முன்னாடி எங்கயாச்சும் பாடியிருக்கீங்களா?” என்று கேட்டாள் மகள்.

அக்கா பூண்டுத் தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

“எங்கன போயிப் பாடுறது தாயி,” என்றாள். “சும்மா, வீட்டுல.”

நான் அந்தச் செத்த கட்டையை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தேன்.